இருளுக்குப் பெயரிட்ட இசைக்குழு

ஜேர்மனியின் மேற்குப் பகுதியில், கொலோன், டுசல்டோர்வ் ஆகிய பெருநகரங்களுக்கு அண்மையில், கிறேவன்புறோக் என்னும் ஊர் உள்ளது. பழுப்பு நிலக்கரி தோண்டும் பரந்த சுரங்கங்களும், அனல்மின் நிலையங்களின் உயர்ந்த புகைபோக்கிகளுமே அவ்வட்டாரத்தின் அடையாளங்கள். இசைக்குப் பெயர்பெற்ற ஊர் அன்று அது. எனினும், 1991ஆம் ஆண்டில் யூர்கன் பார்ட்ஷ், கிளவுஸ் மற்றோன் என்னும் இளைஞர் இருவர் அங்கே ‘பெத்லகேம்’ என்ற இசைக்குழுவை நிறுவினர். இயேசுபிரான் பிறந்த ஊரின் பெயரைத் தாங்கிய அக்குழு, பாடுதற்கு எடுத்துக்கொண்டதோ மரணமும் மனச்சிதைவும் ஆகும்.

அக்காலத்தில் மெற்றல் இசை பல கிளைகளாகப் பிரிந்து நின்றது. மிக விரைந்து முழங்கும் ‘பிளாக் மெற்றல்’ ஒருபுறம். துயரச் சுமையோடு மெல்ல நகரும் ‘டூம் மெற்றல்’ மறுபுறம். பெத்லகேம் குழுவினர் இவ்விரண்டையும் ஒன்றாக்கினர். மந்தமான தாளத்தின்மீது கூரிய அலறலை ஏற்றி, இடையிடையே மென்மையான கிற்றார் ஒலியை இழையவிட்டனர். 1994இல் வெளிவந்த முதல் இசைத்தட்டுக்கு ‘டார்க் மெற்றல்’, அதாவது ‘இருண்ட மெற்றல்’, என்றே பெயரிட்டனர். அப்பெயரே பின்னர் ஓர் இசைவகையின் பெயராக வழங்கலாயிற்று.

பெயர் சூட்டுதல் எளிது. அப்பெயருக்குள் அடங்கி வாழ்தல் அரிது. இக்குழுவின் பிற்கால வரலாறு இதற்குச் சான்றாகும். முதற்றட்டில் ஆங்கிலத்திற் பாடியவர்கள், 1996இல் வெளியிட்ட ‘டிக்ரியுஸ் தே நெகாரே’ என்னும் இரண்டாவது தட்டில் தாய்மொழியாகிய ஜேர்மனுக்குத் திரும்பினர். றைனர் லாண்ட்பெர்மன் என்னும் பாடகரின் குரல் அலறலுக்கும் அழுகைக்கும் இடையே தடுமாறி, கேட்போரை நடுங்கச் செய்தது. அவர் இக்குழுவோடு பாடிய நெடுந்தட்டு அஃதொன்றே. ஆயினும், இன்றும் பலர் முதலில் நினைவுகூர்வது அக்குரலையே. 1997இல் ஹார்மனி கொறீன் என்னும் அமெரிக்க நெறியாளரின் ‘கம்மோ’ திரைப்படத்திலும் இக்குழுவின் இசை ஒலித்தது.

1998இல் மூன்றாவது தட்டு வெளிவந்தது. அதன் நீண்ட தலைப்பின் முதலெழுத்துக்களைச் சேர்த்தால், தற்கொலையைக் குறிக்கும் ஜேர்மன் சொல் அமையும். இம்முறை பாடியவர் ஒல்லாந்தரான மார்க்கோ கேரன். இருள் இங்கே எல்லையைத் தொட்டது. இதற்கப்பால் செல்வதெங்ஙனம்? அதே அலறலை மீண்டும் மீண்டும் எழுப்பினால், துயரம் வெறும் பழக்கமாகிவிடும்.

எனவே குழுவினர் வழி மாறினர். 2001இல் வந்த ‘ஷாற்றன் அவுஸ் டேர் அலெக்சாண்டர் வெல்ற்’ என்ற படைப்பில் மின்னணு ஒலிகளும் உரையாடற் பகுதிகளும் இடம்பெற்றன. 2004இல் வந்த ‘மைன் வேக்’, அதாவது ‘என் வழி’, இன்னும் இனிமையை நாடியது. முதற்றட்டை மட்டும் நேசித்தவர்க்கு இம்மாற்றம் எளிதில் ஏற்கத்தக்கதன்று. ஆனால் அலறலைக் குறைத்ததனால் துயரம் குறைந்துவிடவில்லை; அதன் உடை மட்டுமே மாறிற்று.

2016இல் குழு தன் பெயரையே தலைப்பாகக்கொண்ட தட்டொன்றை வெளியிட்டது. அதில் ஒனியேலார் என்ற மேடைப் பெயருடைய பெண்மணி பாடினார். 2019இல் வெளியான ‘லேபே டிஷ் லேர்’ என்ற தட்டிலும் அவர் குரலே ஒலித்தது. பழைய கடுமை திரும்பிற்று. எனினும் அது பழைய தட்டின் எதிரொலி அன்று.

பாடகர் பலர் வந்தனர், சென்றனர். மொழியும் ஒலியும் மாறின. பிறர் இவர்களிடம் பெயரைப் பெற்று அதனைப் போற்றிக் காத்தனர். பெயரிட்டவர்களோ அதனைத் தாண்டிச் சென்றனர். ஒரு கலைவகையைத் தொடங்கியவர் அதன் காவலராகவே இருத்தல் வேண்டும் என்பது நியதியன்று. விதைத்தவன் வேறு நிலம் தேடிப் போகலாம். விதைத்த வயல் விளைந்துகொண்டே இருக்கும்.