பின்னிணைப்பில் ஒளிந்திருந்தவர்

வரலாற்றுத் தொடர் – அத்தியாயம் 3

சென்ற வாரம் கவிஞர் டாவித் அப் குவிலிமை மரக்கிளையில் உட்காரவைத்துவிட்டு வந்துவிட்டோம். கீழே 24 பெண்கள். 24 பேரையும் ஒரே மரத்தடிக்கு, ஒரே நேரத்துக்கு வரச் சொல்லிவிட்டு, வேடிக்கை பார்க்க மேலே ஏறி ஒளிந்துகொண்ட மனிதர் கையும் களவுமாகச் சிக்கிவிட்டார். அடித்தே கொன்றுவிடலாம் என்ற முடிவுக்குப் பெண்கள் வந்தாயிற்று. தப்பித்தாரா?

தப்பித்தார். இலைகளுக்கு நடுவிலிருந்து தலையை நீட்டி, "உங்களில் எவள் ஒழுக்கத்தில் ரொம்ப மோசமோ, அவளே முதல் அடி கொடுக்கட்டும்" என்றாராம். எவள் கை ஓங்குவாள்? நீதான், நீதான் என்று ஒருத்தியை ஒருத்தி கைகாட்டினார்கள். பேச்சு முற்றிக் கைகலப்பானது. அந்தக் களேபரத்தில் கவிஞர் நழுவிவிட்டார்.

வேல்ஸ் நாட்டு மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சிரித்த கதை. நடந்ததற்குத் துளியும் சான்றில்லை. ஆனாலும் இந்தக் கதையை ஏன் இவர் தலையில் கட்டினார்கள் என்பது விளங்குகிறது. அதற்கான பழியில் பாதி அவருடையதே. லான்பதார்ன் ஊர்த் தேவாலயத்தில் பூசை நடந்துகொண்டிருக்கும்போது, கடவுளுக்கு முதுகைக் காட்டிவிட்டுப் பெண்கள் பக்கம் திரும்பி நின்றதையும், அந்தப் பெண்கள் தன்னைக் கேலி செய்ததையும் அவரே பாட்டாகப் பாடியிருக்கிறார். இன்னொரு பாட்டில் ஒரு சத்திரம். நள்ளிரவில் ஒரு பெண்ணின் படுக்கையைத் தேடி இருட்டில் தட்டுத் தடுமாறி, காலை இடித்துக்கொண்டு, மேசையைச் சாய்த்து, பாத்திரத்தை உருட்டி, நாயைக் குரைக்கவிட்டு, பக்கத்தில் தூங்கிய 3 ஆங்கிலேய வியாபாரிகளைத் திருடன் பயத்தில் எழுந்து உட்காரவைத்து, கடைசியில் ஒன்றும் நடக்காமல் இருட்டில் ஒடுங்கி நின்று கடவுளை வேண்டிக்கொள்கிறார். தன்னையே கோமாளியாக்கிப் பாடியவரை ஊர் மரத்தில் ஏற்றியதில் என்ன வியப்பு?

சரி, கணக்குப் புத்தகத்தைத் திறப்போம். அவரைப் பற்றி உறுதியாக என்ன தெரியும்?

14-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வாழ்ந்தவர். மேற்கு வேல்சில், லான்பதார்ன் பங்கைச் சேர்ந்த ப்ரோகினினில் பிறந்தவர் என்பது வழிவழி வந்த செய்தி. அதை மறுக்கக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. வசதியான குடும்பம். லீவெலின் என்ற உறவினர் நியூகாசில் எம்லின் கோட்டையின் பொறுப்பாளராக இருந்தவர்; அவர் கொலையுண்டபோது டாவித் இரங்கற்பா பாடினார். பிறப்பு இறப்புப் பதிவுகள் கிடையாது. புதைத்த இடம் என்று ஸ்ட்ராட்டா ஃப்ளோரிடா மடாலயத்து யூ மரத்தைக் காட்டுவார்கள். இல்லை, தாலி மடாலயம்தான் என்பார்கள் வேறு சிலர். இரண்டு ஊரிலும் நினைவுக் கல் நிற்கிறது.

அவர் இறந்தபோது நண்பர்கள் பாடிய இரங்கற்பாக்கள் இருக்கின்றனவே, அதை வைத்து ஆண்டைக் கணக்கிட முடியாதா என்று கேட்கலாம். முடியாது. உயிரோடு இருக்கும் நண்பருக்கே விளையாட்டாக இரங்கற்பா பாடுவது அந்தக் காலத்து வேல்ஸ் கவிஞர்களின் வழக்கம். இறந்தவரே பதிலுக்கு ஒரு பாட்டு எழுதக்கூடிய ஊரில் எந்தத் தேதியை நம்புவது!

ஆனால் ஓர் இடத்தில் கதை என்று ஒதுக்கப்பட்டது நிஜமாக எழுந்து உட்கார்ந்தது. டாவித் பாட்டுகளில் மோர்வித் என்ற பொன்கூந்தல்காரி வருவாள். அவளுக்கு ஒரு பொறாமைக்காரக் கணவன். பெயர் பூவா பாக், 'சின்ன வில்' என்று பொருள். இப்படி ஒரு பெயர் யாருக்காவது இருக்குமா, காதல் கவிதைகளில் வழக்கமாக வரும் கேலிப் பாத்திரம்தானே என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். 1930-களில் டேவிட் ஜென்கின்ஸ் என்ற ஆய்வாளர் 1344-ஆம் ஆண்டு நீதிமன்றப் பதிவொன்றைப் புரட்டினார். அபெரிஸ்ட்வித் ஊரைச் சேர்ந்த சாட்சாத் அதே பெயர்க்காரர் அதில் இருந்தார். லத்தீன் எழுத்தர் பெயரைக் கொஞ்சம் சிதைத்திருந்தார், அவ்வளவுதான். பொறாமைக்காரக் கணவன் சதையும் எலும்புமாக வாழ்ந்தவன்!

இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம்பும்படி இருப்பது பொய்யாகலாம், நம்ப முடியாதது மெய்யாகலாம். ஏனென்றால் இப்போது வரப்போகிறவர், நம்பும்படி எழுதுவதில் மன்னர்.

1789. பாரிசில் பாஸ்டில் சிறை இடிந்த அதே ஆண்டு. டாவித் இறந்து 400 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டிருந்தது. அதுவரை அவருடைய பாடல்கள் பெரும்பாலும் கையெழுத்துப் படிகளிலேயே கைமாறி வந்தன. லண்டனில் தோல் வியாபாரம் செய்து செல்வரான ஓவன் ஜோன்ஸ் என்ற வேல்ஸ்காரர், தாய்மொழிக்காகத் தன் காசைக் கொட்டத் தயாராக இருந்தார். அவரும் வில்லியம் ஓவன் என்ற இளைஞரும் சேர்ந்து பாடல்களைத் திரட்டி முதன்முறையாக அச்சேற்றினார்கள். நூல் ஏறக்குறைய முடிந்த நேரத்தில் தெற்கு வேல்சின் கிளமோர்கன் பகுதியிலிருந்து பாடல்கள் வந்து சேர்ந்தன. இதுவரை யாரும் பார்த்திராத டாவித் பாடல்களாம். பழைய சுவடிகளிலிருந்து படி எடுத்தவையாம்.

பதிப்பாளர்கள் குதூகலித்தார்கள். நூலுக்குள் சேர்க்க நேரமில்லை, பின்னிணைப்பாகச் சேர்த்தார்கள். வாசகர்கள் அந்தப் பின்னிணைப்பைத்தான் கொண்டாடினார்கள். டாவித்தின் ஆகச் சிறந்த பாடல்கள் என்று அடுத்த நூற்றாண்டு முழுவதும் அவற்றில் சிலவற்றைத்தான் எடுத்துக்காட்டினார்கள்.

அனுப்பியவர் பெயர் எட்வர்ட் வில்லியம்ஸ். யோலோ மோர்கானுக் என்பது அவரே சூட்டிக்கொண்ட பட்டப்பெயர்.

1747-இல் பிறந்த கல்தச்சர் அவர். கல்தச்சரின் மகன். பள்ளிக்கூடம் என்று பெரிதாக எதுவுமில்லை. அப்பா கல்லறைக் கற்களில் எழுத்து வெட்டுவதைப் பார்த்தே வாசிக்கக் கற்றுக்கொண்டதாகச் சொல்லிக்கொள்வார். ஆஸ்துமாக்காரர். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார். அபின் கலந்த லாடனம் என்ற மருந்தை அரை நூற்றாண்டுக்கும் மேல் விடாமல் குடித்தார். கடன் தீர்க்க முடியாமல் 1786-இலிருந்து ஓராண்டு கார்டிஃப் சிறையில் கிடந்தார். வெளியே வந்த கையோடுதான் லண்டனுக்குப் பாடல்கள் போகத் தொடங்கின.

அயோக்கியர் என்று முத்திரை குத்திவிட்டு நகர்வது சுலபம். எனக்கு அது சரியாகப் படவில்லை. கௌபிரிட்ஜ் ஊரில் இவர் ஒரு கடை வைத்திருந்தார். அடிமைகளின் உழைப்பில் விளைந்த மேற்கிந்தியத் தீவுச் சர்க்கரையை விற்க மாட்டேன் என்று, கீழைநாட்டுச் சர்க்கரையைத் தருவித்து, அதைச் சொல்லியே விளம்பரமும் செய்தார். இத்தனைக்கும் இவருடைய உடன்பிறந்தவர்களே ஜமைக்காவில் அடிமைகளை வைத்துச் செல்வம் சேர்த்தவர்கள். 1794-இல் சொந்தப் பெயரில் ஆங்கிலக் கவிதை நூல் வெளியிட்டபோது, முன்பணம் கட்டியவர்கள் பட்டியலில் வேல்ஸ் இளவரசரும் ஜார்ஜ் வாஷிங்டனும் இருந்தார்கள்! அந்த நூலை இன்று ஆய்வாளர்களைத் தவிர யார் தேடுகிறார்கள்? பேர் வாங்கித் தந்திருக்கவேண்டிய தரமான பாட்டுகளையெல்லாம் 400 ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒருவர் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அடுத்தவர் பாட்டைத் தன்னுடையது என்று சொல்லும் திருடர்கள் எத்தனையோ பேர். இவர் தலைகீழ்.

அது லேசான வேலையும் இல்லை. டாவித் கையாண்ட 'கவித்' என்ற யாப்பில் அடிக்கு 7 அசை. இரண்டிரண்டு அடியாக இயைபு. அடிக்குள்ளே முன்பாதியில் வந்த மெய்யொலிகள் அதே வரிசையில் பின்பாதியிலும் வந்து விழவேண்டும். 'கங்ஹனெத்' என்று பெயர். அபின் மயக்கத்தில் செய்துவிட்டார் என்று பரிதாபப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்: இந்த யாப்பில் மயக்கத்தோடு 4 அடிகூட எழுத முடியாது.

பிறகு ஏன் செய்தார்? கிளமோர்கனுக்காக. வடக்கு வேல்ஸ்காரர்கள் தங்கள் பக்கத்துக் கவிதை மரபைப் பீற்றிக்கொண்டபோது, தன் மண்ணை எல்லாவற்றுக்கும் நடுவில் வைக்கவேண்டும் என்ற வெறி இவருக்கு. டாவித்துக்குத் தென்கிழக்கு வேல்சில் ஈவோர் ஹைல் என்ற புரவலர் இருந்தது உண்மை. டாவித் அவரைப் பாடியிருக்கிறார். இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு சேலையே நெய்துவிட்டார்கள். டாவித் அந்த வீட்டில் காரியஸ்தராக இருந்தாராம், ஈவோரின் மகளுக்குப் பாடம் சொல்லித் தந்தாராம், காதல் மலர்ந்ததாம், தகப்பன் மகளைக் கன்னிமாடத்துக்கு அனுப்ப, கவிஞரும் பின்னாலேயே போனாராம். பூவா பாக்கின் பெயரையாவது நீதிமன்றம் எழுதி வைத்தது. இந்த மகளுக்கு அப்படி எதுவும் இல்லை.

கவிதையோடு நின்றாரா? இல்லை. 1792 ஜூனில் லண்டனின் பிரிம்ரோஸ் குன்றில் சில நண்பர்களைக் கூட்டி, கூழாங்கற்களை வட்டமாக அடுக்கி, நடுவில் நின்றுகொண்டு, பழங்கால ட்ரூயிட் பூசாரிகளிடமிருந்து அறுபடாமல் வந்த கவிஞர் சபைச் சடங்கு இது என்று அறிவித்தார். 'கோர்செத்' என்று அதற்குப் பெயர். அறுபடாமல் வந்ததாவது! அத்தனையும் அவர் தலையில் முளைத்தது. 1819-இல் கார்மார்தன் நகரில், ஐவி புஷ் விடுதித் தோட்டத்தில், 72 வயதில், அதே கல்வட்டத்தை ஐஸ்டெத்வொத் என்ற கவிதைத் திருவிழாவோடு இணைத்துவிட்டார். இன்றும் ஆண்டுதோறும் தேசிய விழாவில் நீண்ட அங்கிகளோடு அந்தச் சடங்கு நடக்கிறது. 1946-இல் மவுன்டன் ஆஷ் ஊரில் இளவரசி எலிசபெத்தே அதில் சேர்க்கப்பட்டார். சபைக்கு யோலோ கொடுத்த முழக்கம் என்ன தெரியுமா? 'உலகுக்கு எதிராக உண்மை'. மனிதருக்குத் துணிச்சல் அதிகம்.

1826-இல் யோலோ காலமானார். மூட்டை மூட்டையாகக் காகிதங்களை விட்டுப் போனார். அவை மகன் டலியேசினிடமிருந்து லானோவர் மாளிகைக்குப் போய், 1916-இல் அபெரிஸ்ட்வித் தேசிய நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. சுற்றிச் சுற்றி எங்கே வந்தன பாருங்கள்: டாவித் பெண்களைப் பார்த்து நின்ற லான்பதார்ன் தேவாலயம் அங்கிருந்து நடை தூரம்தான்.

கிரிஃபித் ஜான் வில்லியம்ஸ் என்ற இளம் ஆய்வாளர் அந்தக் காகிதங்களுக்குள் இறங்கினார். சோதனை எளிமையானது, வேலை மலைபோன்றது. டாவித்தின் உண்மைப் பாடல்களுக்குப் பல ஊர்களில், பல கைகளில், பல காலத்துப் படிகள் உண்டு. பின்னிணைப்புப் பாடல்களுக்கு? யோலோவின் கையைத் தாண்டி ஒரு பழைய படியும் அகப்படவில்லை. சொற்களைப் பார்த்தார். 14-ஆம் நூற்றாண்டில் புழங்காத சொற்கள் அங்கே நடமாடின. அதே சொற்கள், அதே பாணி யோலோவின் மற்ற எழுத்துகளில் துள்ளின. 1926-இல் நூல் வெளிவந்தது. 137 ஆண்டுகளாக டாவித்தின் முடிமணி என்று கொண்டாடிய பாடல்கள் ஒரு கல்தச்சரின் கைவேலை என்று நிறுவப்பட்டது.

நேசித்த பாட்டு பொய் என்று தெரிந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? யோலோவின் பெயரே வசைச்சொல் ஆனது. வேடிக்கை என்னவென்றால், குட்டை உடைத்த கிரிஃபித் ஜான் வில்லியம்ஸ் அந்த மனிதரை விட்டு நகரவே இல்லை. வாழ்நாள் முழுவதும் யோலோவையே ஆராய்ந்தார். அந்தக் காலத்தில் வேல்ஸ் இலக்கியத்தை அவர் அளவுக்கு அறிந்தவர் வேறில்லை என்று மதித்தார். யோலோவின் வாழ்க்கை வரலாற்றில் முதல் தொகுதி 1956-இல் வெளிவந்தது; அதோடு நின்றுபோனது.

கதவு ஒருமுறை திறந்த பிறகு மற்ற பாடல்களும் தப்பவில்லை. யோலோ மட்டுமா குற்றவாளி? அவருக்கு முன்பே, நல்ல காதல் பாட்டு எங்கே கண்டாலும் டாவித் பெயரை எழுதி வைத்த படியெடுப்பவர்கள் நூறு பேர். தாமஸ் பாரி என்ற பதிப்பாசிரியர் எல்லாப் படிகளையும் ஒப்பிட்டு 1952-இல் புதிய பதிப்பு கொண்டுவந்தார். 177 பாடல்களை வெளியே தள்ளினார். சுமார் 150 நின்றன.

இவ்வளவு சலித்த பிறகும் ஒரு கேள்வி மிச்சம். நின்ற பாடல்களின் படிகளில் பெரும்பாலானவை டாவித் காலத்துக்கு நூறு ஆண்டுக்கும் பிற்பட்டவை. அவர் உயிரோடு இருந்தபோதே எழுதப்பட்ட ஒரு வரியாவது உலகில் இருக்கிறதா?

1910. வடமேற்கு வேல்சில் ஹென்ட்ரெகட்ரெத் என்ற பழைய மாளிகை. அங்கே ஒரு துணி அலமாரியைத் திறந்தவர்கள் உள்ளே ஒரு தோல்சுவடியைக் கண்டார்கள். ஸ்ட்ராட்டா ஃப்ளோரிடா மடாலயத்தில் சுமார் 1300-இல் எழுதத் தொடங்கிய சுவடி. பிற்பாடு கைமாறிப்போன அதன் வெற்றிடங்களில் வேறு வேறு கைகள் பாடல்களை எழுதிச் சேர்த்திருந்தன. அவற்றில் ஒன்று கார்மார்தன் தேவாலயத்துச் சிலுவையைப் பற்றிய பாட்டு. பாடியவர் டாவித் அப் குவிலிம். எழுத்தின் காலம், அவர் வாழ்ந்த அதே காலம்.

அப்படியானால் அந்தப் பக்கத்தில் பேனாவைப் பிடித்திருந்த கை யாருடையது?

(தொடரும்)