தடையும் திறமையும்



பாலக்காட்டு மாவட்டத்திலே, கொல்லங்கோட்டை அடுத்துப் பல்லசனை என்று ஓர் ஊர் உண்டு. ஓணத் திருநாளை ஒட்டி ஆண்டுதோறும் அங்கே ஓணத்தல்லு நடைபெறுகிறது. தல்லு என்னும் மலையாளச் சொல்லுக்கு அடி என்பது பொருள். ஊரார் இரு கட்சியாகப் பிரிந்து நிற்பர். கட்சிக்கு ஒருவராகக் களத்தில் இறங்கி மோதுவர். விரித்த உள்ளங்கையால் மட்டுமே அடிக்கலாம். முட்டியால் குத்துதல் ஆகாது. காலால் உதைத்தலும் ஆகாது. விதி மீறாமல் காப்பதற்கு நடுவர் உண்டு. இளமையில் என் தந்தையாரின் கைப்பற்றி நின்று இதனைக் கண்டேன். அடிபட்டவரும் அடித்தவரும் பின்னர்த் தழுவிக்கொண்டது இன்றும் என் நினைவில் நிற்கிறது.

சண்டையை அறவே ஒழிப்பதா, விதியால் கட்டுப்படுத்துவதா என்னும் வினா உலக நாடுகள் பலவற்றுக்கும் எழுந்த வினாவே. அவ்வினாவுக்கு நம் எல்லைப்புறத்து மண்ணிலும் ஒரு வரலாறு உண்டு.

மேற்குத் தொடர்ச்சி மலையின் இருபுறமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஆயுதம் களையப்பட்டது. கிழக்கே பாளையக்காரர் போர் முடிந்ததும், 1801 டிசம்பரில், சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம் ஆயுதம் தாங்குதலைத் தடுத்தது. மேற்கே மலபாரில் பழசி அரசரின் கிளர்ச்சி ஓயாதிருந்த வேளையில், 1804இல், அடுத்த ஆளுநரான வில்லியம் பெண்டிங்கு, ஆயுதங்களை மறைத்து வைப்போர் நாடு கடத்தப்படுவர் என ஆணையிட்டார். அரை நூற்றாண்டு கழித்து, 1854இல், மலபார்ப் போர்க்கத்திச் சட்டம் வந்தது. சில திங்களுக்குள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கத்திகள் ஒப்படைக்கப்பட்டன.

இவ்வாணைகளின் நேர் இலக்கு ஆயுதமே. ஆயினும் அடி விழுந்தது களரிப்பயிற்றின் மேல். மெய்த்தாரியில் உடலைப் பழக்கி, கோல்தாரியில் கம்பும் அங்கத்தாரியில் வாளும் பயின்று, இறுதியில் வெறுங்கைக்கு வரும் கல்வி அது. வாளும் கேடயமும் இல்லாமற் போகவே அக்கல்வியின் நடுப்பகுதி குலைந்தது. அதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. சிற்றரசர்களின் போர்கள் நின்றன. போர்வீரனுக்குக் கிடைத்த மானியமும் நின்றது. தடையோடு பிழைப்பும் போயிற்று.

எனினும் களரி அழிந்துவிடவில்லை. குருக்கள்மார் வர்ம சிகிச்சையாலும் உழிச்சிலாலும் வாழ்ந்தனர். கதகளி நடிகரின் உடற்பயிற்சியில் களரியின் மெய்ப்பழக்கம் தங்கிற்று. 1920களில் தலைச்சேரியில் கோட்டக்கல் கணாரன் குருக்களும் அவர் மாணவர் சி. வி. நாராயணன் நாயரும் அதனை மீண்டும் மக்கள் முன் கொணர்ந்தனர். 2017இல் வடகரையைச் சேர்ந்த மீனாட்சி அம்மையார் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இனி வெளிநாடுகளை நோக்குவோம். இன்ஜெமார் யோகான்சன் 1959இல் நியூயார்க்கில் ஃபிளாய்டு பேட்டர்சனை வீழ்த்தி உலக மிகுஎடைப் பட்டத்தைச் சுவீடனுக்கு ஈட்டித் தந்தார். அதே சுவீடன் 1970இல் தொழில்முறைக் குத்துச்சண்டையைத் தடைசெய்தது. ஐஸ்லாந்து 1956இலேயே குத்துச்சண்டை முழுவதையும் விலக்கிற்று. 2002இல்தான் அமெச்சூர் ஆட்டத்தை அனுமதித்தது. நார்வே 1981இல் தொழில்முறை ஆட்டத்தைத் தடுத்தது. தலையில் விழும் குத்து மூளையைக் கெடுக்கும் என்னும் மருத்துவர் அச்சமே இத்தகைய சட்டங்களுக்கு வலுவூட்டியது. அவ்வச்சம் பொய்யன்று.

ஆனால் திறமை என்னவாயிற்று? அது எல்லையைக் கடந்தது. நார்வே நாட்டு வீராங்கனை செசிலியா பிரேக்ஹஸ் ஜெர்மனிக்குச் சென்று தொழில்முறை வீரரானார்; உலகப் பட்டங்களையும் வென்றார். 2014இல் நார்வே தடையை நீக்கிய பின்னரே, 2016இல், தம் நாட்டு ஆஸ்லோவில் தொழில்முறைக் களமேறினார். சுவீடனும் 2006இல் இயற்றிய சட்டத்தால், நிபந்தனைகளோடு, கதவைத் திறந்தது.

கியூபாவின் கதை வேறு. 1962இல் அங்கே தொழில்முறை விளையாட்டு ஒழிக்கப்பட்டது. ஹோசே நாப்போலஸ், சுகர் ராமோஸ் போன்றோர் மெக்சிகோவில் குடியேறி உலகப் பட்டம் வென்றனர். ஆனால் கியூப அரசு தடையோடு நின்றுவிடவில்லை. சிறுவர்களைத் தேர்ந்தெடுத்துப் பள்ளிகளில் பயிற்றியது. வீரர்க்கும் ஆசிரியர்க்கும் வாழ்வளித்தது. தியோஃபிலோ ஸ்டீவன்சன் 1972, 1976, 1980 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றார். 1992இல் பார்சிலோனாவில் கியூப வீரர்கள் ஏழு தங்கம் பெற்றனர். அந்நாட்டுப் பயிற்சியாளர் பி. ஐ. பெர்னாண்டஸ் இந்தியாவுக்கு வந்து நம் வீரர்களைப் பழக்கினார். 2012இல் துரோணாச்சாரியார் விருதும் பெற்றார். எனினும் உழைப்புக்கேற்ற ஊதியம் வேண்டி நாட்டை நீங்கிய வீரர்கள் பின்னும் பலர். 2022இல் கியூபாவே தன் வீரர்களைத் தொழில்முறைக் களத்துக்கு அனுப்பத் தொடங்கியது.

இவற்றை ஒருங்கே வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். தடை முதலில் பறிப்பது திறமையை அன்று, திறமைசாலியின் சோற்றை. அந்தச் சோற்றை வேறொருவர் இட்டால் திறமை உள்நாட்டிலேயே தழைக்கிறது. இடுவார் இல்லையேல் ஊரை விட்டுப் பெயர்கிறது. கியூபாவில் இட்டது அரசு. களரிக்கு இட்டவை மருத்துவமும் அரங்கும். பல்லசனையில் ஓணத்தல்லைக் காத்தவர்கள் ஊரார். முட்டியைத் தடுத்தார்கள், ஆட்டத்தைத் தடுக்கவில்லை.

பிழைப்புத் தேடி ஊர் பெயர்ந்த நமக்கு இது நன்கு விளங்கும். சித்தூரிலிருந்தும் மறையூரிலிருந்தும் பீருமேட்டிலிருந்தும் வெளியேறியவர்கள், வீட்டில் இடம் போதாமையால், தம் திறமையை விட்டுவிட்டா வந்தார்கள்? கையோடு கொண்டு வந்தார்கள். ஆயினும் கற்பிக்க ஓர் ஆசானும், கற்க ஒரு மாணவனும் இல்லாவிடின் அது அவரோடே முடிந்துபோம். நம்மிடையே சிலம்பமோ களரியோ அறிந்த முதியவர் ஒருவர் இருப்பின், அவரைத் தேடிச் சென்று, நம் பிள்ளைகளை அவர்முன் நிறுத்துவோமாக.