காரணப் பெயர்

மன்னார்த் தீவை விட்டுத் தெற்கு நோக்கிப் பெருநிலக் கரைவழியே செல்வோர் அரிப்பு என்னும் ஊரையும் அதனையடுத்துச் சிலாவத்துறையையும் காண்பர். சிலாபம் என்ற சொல்லுக்கு முத்துக்குளிப்பு என்பது பொருள். முத்துக்குளிப்பு நடந்த துறை சிலாபத்துறை. அதுவே மக்கள் நாவில் சிலாவத்துறை ஆயிற்று என்பர். ஆங்கிலர் ஆட்சியின் தொடக்கத்தில் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யத் தேசாதிபதி நோர்த் கட்டுவித்த மாளிகையின் இடிபாடுகள் அரிப்புக் கடற்கரையில் உள்ளன. 1905 ஆம் ஆண்டிலே மரிச்சுக்கட்டியில் பாளையமிட்டுப் பெருங்குளிப்பு ஒன்று நடத்தினர். அப்பாளையங்கள் இன்றில்லை, அத்தொழிலும் மறைந்தது. ஆயினும், வழிப்போக்கன் ஒருவன், "இங்கே முன்னர் என்ன நடந்தது?" என்று கேட்பானாயின், ஊரின் பெயரே அவனுக்கு விடை கூறும்.

பெயர் என்பது பின்னே வருபவனுக்கு முன்னே வந்தவன் விட்டுச் செல்லும் குறிப்பு. அக்குறிப்புத் தெளிவாக இருந்தால் வருபவன் வழி காண்பான்; மயக்கமாக இருந்தால் இடறி விழுவான். இவ்வுண்மை ஊர்ப்பெயருக்கு மட்டுமன்றி, நம் மாணாக்கர் இன்று கற்கும் கணினித் துறைக்கும் பொருந்தும் என்பதைச் சிறிது விளக்க விரும்புகிறேன். யான் கலைப்பட்டதாரி, கணினி வல்லுநன் அல்லேன். ஆனால் பெயர்களைப் பற்றிப் பேசுதல் தமிழ் படித்தவனுக்கும் உரிய காரியமே.

முதலில் முத்து வணிகரின் அறையினுள் நுழைவோம். சிப்பியிலிருந்து எடுத்துக் கழுவிய முத்துக்களை அளவு வாரியாகப் பிரிப்பதற்கு அவர்கள் பித்தளைச் சல்லடைக் கிண்ணங்களைக் கையாண்டனர். அவை பத்து. கிண்ணங்கள் யாவும் ஏறத்தாழ ஒரே அளவின. துளைகளின் தொகையே வேறு. 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000 என்று துளைகளின் தொகையே அந்தந்தச் சல்லடைக்குப் பெயராயிற்று. ஒரே அளவான கிண்ணத்தில் துளைகள் மிகுமாயின் ஒவ்வொரு துளையும் சிறுக்கும் அன்றோ? ஆகவே இருபதாம் சல்லடையில் தங்குவது பெரிய முத்து; ஆயிரத்தினூடும் நழுவி விழுவது தூள். முதல் இரண்டு சல்லடைகளின் வழக்கை அறிந்த ஒரு சிறுவன் மற்றை எட்டையும் எவரிடமும் கேளாமலே அறிந்துகொள்வான். பெயரைக் கேட்ட அளவில் அக்கருவி என்ன செய்யும் என்பது புலனாகும். ஒரே நெறி பத்துப் பெயர்களிலும் பிறழாமல் ஓடுகிறது. நல்ல பெயரிடுதலின் இலக்கணம் முழுவதும் இப்பித்தளைக் கிண்ணங்களில் அடங்கியிருக்கிறது என்று சொல்லலாம்.

நம் இலக்கண நூலார் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். பெயர்களை இடுகுறிப் பெயர், காரணப் பெயர் எனவும், அவற்றைப் பொது, சிறப்பு எனவும் நன்னூலார் வகுத்தார். மரம் என்பது இடுகுறிப் பொது. பனை என்பது இடுகுறிச் சிறப்பு. பறவை என்பது காரணப் பொது. மரங்கொத்தி என்பது காரணச் சிறப்பு. பறப்பன எல்லாம் பறவை. மரத்தைக் கொத்துவதோ ஒன்றே. இந்நான்கையும் வகுப்பில் மனப்பாடம் செய்த நேயர்கள் சற்றே நினைவில் நிறுத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

இனிக் கணினிக்கு வருவோம். கணினியை இயக்கும் கட்டளைத் தொகுதியை நிரல் என்கிறோம். அடிக்கடி வேண்டப்படும் வேலைகளை ஒருவர் ஒருமுறை எழுதி வைத்துவிட்டால், பிறர் அவற்றைப் பெயர் சொல்லி அழைத்துப் பயன்கொள்ளலாம். அவ்வாறு எழுதி வைத்த ஒவ்வொரு வேலைக்கூறும் செயற்கூறு எனப்படும். செயற்கூறுகளின் தொகுப்பு நிரல் நூலகம் எனப்படும். நூலகத்தைப் பயன்படுத்துவோன் செயற்கூற்றின் உள்ளே புகுந்து பார்ப்பதில்லை. வணிகன் சல்லடையின் துளைகளை ஒவ்வொரு நாளும் எண்ணிப் பார்ப்பதுண்டோ? பெயரை நம்பியே முத்தைக் கொட்டுகிறான். செயற்கூற்றுக்கும் பெயரே வாயில்; பெயரே வாக்குறுதி.

இத்துறையின் தொடக்க காலப் பெயர்கள் பல இடர்ப்பாட்டில் பிறந்தவை. 1957 இல் வெளிவந்த ஃபோட்ரான் மொழியில் ஒரு பெயர் ஆறு எழுத்தை மிஞ்சுதல் ஆகாது. பின்னர் வந்த சி மொழிக்கு 1989 இல் தரம் வகுத்தபோதும், வெவ்வேறாக எழுதிய நிரல்களை இணைக்கும் பெயர்களில் முதல் ஆறு எழுத்துக்கே உறுதி அளிக்கப்பட்டது. நினைவகம் பொன்போல் அரிதாயிருந்த காலம் அது. ஆதலால் உயிரெழுத்துக்களை விழுங்கிய குறும்பெயர்கள் எங்கும் பெருகின. யூனிக்சு முறைமையை ஆக்கியோருள் ஒருவரான கென் தாம்சனிடம், அதனை மீண்டும் ஆக்க நேர்ந்தால் எதனை மாற்றுவீர் என்று கேட்டபோது, ஆக்குதல் என்னும் பொருளுடைய 'கிரியேட்' என்ற பெயரில் தாம் விட்டுவிட்ட கடைசி எழுத்தைச் சேர்ப்பேன் என்று விடையளித்தாராம். நகைச்சுவையாகச் சொன்னதாயினும், அவ்வெழுத்து இன்றளவும் சேரவில்லை. காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

இதனினும் விந்தையானது பி.எச்.பி. மொழியின் கதை. அம்மொழியை ஆக்கிய ராஸ்மஸ் லெர்டார்ஃப் 2013 இல் ஒரு செய்தியை வெளிப்படுத்தினார். 1994 ஆம் ஆண்டளவில் செயற்கூறுகளின் பெயர்களைக் கணினி தேடுவதற்கு, அவற்றின் எழுத்துத் தொகைப்படி பெட்டிகளில் இட்டு வைத்தனராம். ஒரே பெட்டியில் கூட்டம் சேராதிருக்கும் பொருட்டுச் சில பெயர்களை வேண்டுமென்றே நீட்டியும் குறுக்கியும் அமைத்தனராம். முத்துச் சல்லடைக்குத் துளையைப் பாராது, அது வைக்கப்படும் தட்டின் அகலத்தைப் பார்த்துப் பெயரிட்டது போன்றது இது. இயந்திரத்தின் வசதிக்காக வைத்த பெயரை மனிதர் காலமெல்லாம் சுமக்க வேண்டியதாயிற்று.

இவையெல்லாம் எங்கோ நடந்தவை. நமக்கென்ன என்று நேயர்கள் எண்ணலாம். நம் கரையில் நடந்த சிறு நிகழ்ச்சியொன்றைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், கணினி அறையில் ஒரு மாணவி கோப்புகளுக்கு ஒட்டுச்சீட்டு ஆயத்தம் செய்துகொண்டிருந்தாள். இடம் குறுகியது; ஆகவே ஒவ்வோர் ஊர்ப்பெயரிலும் முதல் நான்கு எழுத்துக்களை மட்டும் எடுக்குமாறு விரிதாளில் கட்டளையிட்டாள். மன்னாருக்கும் பேசாலைக்கும் குறுக்கமே வேண்டியதில்லை என்பது அவள் கணக்கு. ம, ன், னா, ர் என மன்னாருக்கு எழுத்து நான்கு. பே, சா, லை எனப் பேசாலைக்கு எழுத்து மூன்று. சீட்டுகள் வெளிவந்தன. மன்னார் 'மன்ன' என்று நின்றது. பேசாலை 'பேசா' என்று வாய் மூடிக்கொண்டது. அறை முழுவதும் சிரித்தது. அப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. என்னிடம் வந்து, "ஐயா, மன்னாருக்கு நான்கு எழுத்துத்தானே? நான் பிழையாகப் படித்தேனா?" என்று கேட்டாள்.

அவள் பிழையாகப் படிக்கவில்லை. இன்று உலகெங்கும் வழங்கும் ஒருங்குறி முறையில், ன் என்னும் ஓர் எழுத்து, ன என்றும் புள்ளி என்றும் இரு குறிகளாக வைக்கப்படுகிறது. னா என்பது ன என்றும் கால் என்றும் இரண்டாகிறது. இவ்வாறு மன்னார் என்ற சொல்லுக்குக் குறிகள் ஏழு. அக்குறி ஒவ்வொன்றும் யு.டி.எஃப். 8 என்னும் முறையில் மூன்று பைட் இடம் கொள்வதால் பைட் தொகை 21. எழுத்து நான்கு, குறி ஏழு, பைட் இருபத்தொன்று: மூன்றும் மெய்யே. ஆனால் 'நீளம்' என்று மட்டும் பெயரிட்ட செயற்கூறு இம்மூன்றில் எதனைச் சொல்லப் போகிறது? பெயரைப் பார்த்து எவரும் அறிய இயலாது. பி.எச்.பி. மொழியில் 'ஸ்டிர்லென்' என்பது 21 என்று விடை தரும். 'எம்பி ஸ்டிர்லென்' என்பது 7 என்னும். 'கிராஃபீம் ஸ்டிர்லென்' என்பது 4 என்னும். ஆங்கில எழுத்தை மட்டும் அறிந்தோர்க்குப் பெரும்பாலும் மூன்றும் ஒன்றாகவே தோன்றும். அதனால் முதலில் பெயரிட்டவருக்கு மயக்கம் தெரியவில்லை. மயக்கத்தின் விலையைக் கொடுத்தவள் மன்னார்ப் பிள்ளை.

நன்னூலாரின் வகுப்பு இங்கே கைகொடுக்கிறது. 'நீளம்' என்பது பறவை போன்ற காரணப் பொதுப்பெயர். ஒரு கூட்டில் ஒரே ஒரு பறவை இருக்கும்வரை பொதுப்பெயர் போதும். பல பறவைகள் வந்து சேர்ந்தபின் மரங்கொத்தி என்று விதந்து கூறவேண்டும். எழுத்துத் தொகை, குறித் தொகை, பைட் தொகை எனக் காரணச் சிறப்புப் பெயரால் வழங்கியிருந்தால், அம்மாணவி தன் தமிழறிவை ஐயுற்றிருக்க மாட்டாள். தமிழுக்கென எழுந்த 'ஓப்பன் தமிழ்' என்னும் நூலகத்தில், 'எழுத்துக்களைப் பெறு' என்ற பொருள்படும் பெயருடைய செயற்கூறு உள்ளது. அது மன்னாரை நான்காகவே பிரித்துத் தருகிறது. பெயர் சொன்னதைச் செயல் செய்கிறது.

அப்படியாயின் பழைய பெயரை மாற்றிவிட்டால் என்ன என்று கேட்கலாம். மாற்றுதல் எளிதன்று. ஒரு செயற்கூற்றின் பெயரை நம்பி எண்ணற்ற நிரல்கள் எழுதப்பட்டுவிடுகின்றன. பெயரை மாற்றினால் அவை அனைத்தும் நின்றுபோகும். பெயரை வைத்துக்கொண்டு செயலை மாற்றினாலோ, அவை நிற்காமலே பிழையான விடை தரும். அது முன்னதனினும் தீது. இதனாலேயே தாம்சனின் எழுத்துச் சேரவில்லை; பழைய 'ஸ்டிர்லென்' இருந்த இடத்திலேயே இருக்கப் புதியவை பக்கத்தில் வந்து குடியேறின. ஆதலின் முதலிற் பெயரிடும் வேளையிலேயே கவனம் வேண்டும்.

இக்கவனம் தமிழருக்குப் புதிதன்று. நமக்கு வடக்கே யாழ்ப்பாணத்திற்கு 1847 இல் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். தக்க தமிழ்ச்சொல்லை முதலில் தேடுதல், அது கிடையாதவிடத்து வடசொல்லை நாடுதல், அதுவும் பொருந்தாவிடின் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப எழுதுதல் என்பது அவர் கைக்கொண்ட ஒழுங்கு. இரணவைத்தியம் என்ற பெயர் கேட்போர்க்குத் தானே பொருள் தரும். 1875 இல் வெளிவந்த இரசாயன நூலுக்கோ 'கெமிஸ்தம்' என்றே பெயர் சூட்டினார். முன்னது காரணப் பெயராய் நிற்க, பின்னது கற்றபின் மட்டுமே விளங்கும் இடுகுறியாய் நின்றது. கிழக்கே காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், 1936 இல் சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். அம்முயற்சியின் விளைவாகக் கலைச்சொற்கள் என்னும் தொகுதி 1938 இல் வெளிவந்தது. மாணவன் பெயரைக் கேட்டுப் பொருளை உணர வேண்டும் என்பதே இவர்கள் எல்லார்க்கும் நோக்கம்.

அவ்வழியில் அண்மைக் காலத்தில் தோன்றியது 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழி. முத்து அண்ணாமலை என்பவர் ஆக்கிய இம்மொழி 2013 இல் யாவரும் பயன்படுத்தும் வண்ணம் வெளியிடப்பட்டது. இதில் செயற்கூற்றை வரையறுக்கும் சொல் 'நிரல்பாகம்'; விடையைத் திருப்பித் தரும் சொல் 'பின்கொடு'. பின்கொடு என்றவுடன் எதையோ திருப்பிக் கொடுக்கிறது என்பது சிறு பிள்ளைக்கும் விளங்கும். திரையில் காட்டுவதற்குரிய சொல் 'பதிப்பி'. முற்காலக் கணினிகள் தம் விடையைத் தாளிலே அச்சிட்டன; அதனால் ஆங்கிலத்தில் 'பிரின்ட்' என்ற பெயர் வழங்கி, தாள் மறைந்தபின்னும் நிலைத்தது. அப்பெயரின் நிழலே நம் சொல்லிலும் விழுந்திருக்கிறது. சிலாவத்துறையில் முத்து இல்லாதது போலப் பதிப்பியில் தாள் இல்லை. ஊர்ப்பெயரில் இப்பழமை வரலாற்றுச் செல்வம். ஊர் நமக்கு வேலை செய்வதில்லை. செயற்கூறோ வேலை செய்வது; அதன் பெயர் இன்று நடக்கும் செயலைச் சொல்லவேண்டும். ஆதலின் தமிழில் பெயரிடுவோர் ஆங்கிலப் பெயரை மொழிபெயர்ப்பதோடு அமையாது, செயலையே பார்த்துப் பெயரிடுவது நன்று.

நம் பிள்ளைகளுள் சிலர் நாளை நிரல் நூலகம் எழுதுவர். அவர்களுக்குச் சொல்லத் தக்கவை சிலவே. செயற்கூறு செய்வதைப் பெயர் சொல்லட்டும், செய்யாததைச் சொல்லாதிருக்கட்டும். ஒரே செயலுக்கு ஒரே சொல்லும், வேறு செயலுக்கு வேறு சொல்லும் வழங்குக. சுருக்கம் நன்றே, ஆயினும் பொருளை அறுக்கும் சுருக்கம் தீது. பெயரிட்டபின், அதனை எழுதாத ஒருவரிடம் காட்டி, "இது என்ன செய்யும்?" என்று கேளுங்கள். அவர் கூறும் விடையே அப்பெயரின் உண்மையான பொருள்.

அன்று கேட்ட மாணவிக்குக் கரும்பலகையில் மன்னார் என்று எழுதி, எழுத்து நான்கு, குறி ஏழு, பைட் இருபத்தொன்று என்று பிரித்துக் காட்டினோம். அவள் முகம் தெளிந்தது. "அப்படியென்றால் அந்தக் கட்டளையின் பெயர்தான் ஐயா பிழை" என்றாள். இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியன் இதனினும் மேலான விடையை எதிர்பார்க்க முடியாது.