ஸனா மூலிகையும் சான்று தேடும் மரபும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. நோயைப் படைத்த இறைவன் மருந்தையும் படைத்திருக்கின்றான். அம்மருந்துகளுள் நம் மண்ணில் விளையும் ஒரு சிறு செடியின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

தமிழில் நிலாவிரை, நிலவாகை என வழங்கும் செடியை அரபியர் ‘ஸனா’ என்பர். ‘சென்னா’ எனும் ஐரோப்பியப் பெயர் அதிலிருந்தே பிறந்தது. பேதி மருந்தாக இதனை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களிடம் சிறப்பித்துரைத்த செய்தி திர்மிதீ, இப்னு மாஜா தொகுப்புகளில் உள்ளது. அரபு மருத்துவர்கள் வழியாகவே ஐரோப்பா இதனை அறிந்தது. அரபகத்துச் செடி தென்னாட்டில் பயிராகி, தூத்துக்குடித் துறைமுகம் வழியே ஏற்றுமதியாகி, ‘தின்னவேலி சென்னா’ என உலகச் சந்தையில் பெயர் பெற்றது. நமது இராமநாதபுரம் மாவட்டத்து மானாவாரி நிலங்களிலும் இது விளைகின்றது.

1941ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து அறிஞர் ஆர்தர் ஸ்டோல் குழுவினர் இதன் இலையிலிருந்து சென்னோசைடு எனும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அது பெருங்குடலை அடைந்ததும், அங்குள்ள நுண்ணுயிர்கள் அதனை மாற்றுகின்றன. குடல் இயக்கம் தூண்டப்படுகின்றது. இரவில் உண்டால் காலையில் பலன் தருவது இதனாலேயே. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இது இடம் பெற்றுள்ளது. எனினும் நாள்தோறும் நீண்ட காலம் உண்டால் உடலின் பொட்டாசியச் சத்து குறையும். குடலடைப்பு உள்ளோர் உண்ணலாகாது.

எல்லா மூலிகைகளும் இவ்வாறு உறுதி பெறவில்லை. மஞ்சள் காமாலைக்கு நாம் நாடும் கீழாநெல்லியைச் சென்னை மருத்துவ அறிஞர்கள் ஆய்ந்து, 1988இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டனர். ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்த 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் அதன் அடையாளம் மறைந்ததாக அவ்வாய்வு கூறியது. பின்னர் பிற நாடுகளில் நடந்த ஆய்வுகள் அதனை உறுதி செய்யவில்லை. ஆகவே, காமாலை கண்டவர் கீழாநெல்லியை மட்டுமே நம்பி மருத்துவரிடம் செல்லத் தாமதித்தல் உயிருக்கே ஆபத்தாகும்.

ஒரு செய்தி நபிமொழிதானா என்பதை அறிய, அறிவிப்பாளர் வரிசையை ஒவ்வொருவராக ஆராய்ந்தவர்கள் நம் முன்னோர்கள். அத்தகைய சமுதாயம், ‘நபிவழி மருந்து’ என்று பெயரிட்டு விற்கப்படும் பொடிகளைச் சான்று கேளாமல் வாங்கலாமா? மூலிகையை இகழவும் வேண்டாம். ஆராயாது நம்பவும் வேண்டாம். மருந்தைத் தேடுவது நம் கடமை. ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே. நம் ஜமாஅத்தார் அனைவருக்கும் அவன் பூரண சுகத்தை நல்குவானாக! ஆமீன்.