விசை கேம்ஸ்: அம்மாவின் சமையல் குறிப்பால் உலக விருது வென்ற சிறு நிறுவனம்

வீடியோ கேம் என்றாலே நம் வீடுகளில் பெற்றோருக்குக் கவலைதான். துப்பாக்கிச் சண்டை, வீணாகும் நேரம், பணம் கட்டி ஆடும் ரம்மி என்று அந்தக் கவலைக்கு நியாயமான காரணங்கள் உண்டு. ஆனால் இதே துறையில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சொல்லும் விளையாட்டு உருவாகி, உலக அளவில் உயரிய விருதுகளை வென்றிருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அந்த விளையாட்டின் பெயர் ‘வெண்பா’. உருவாக்கியது ‘விசை கேம்ஸ்’.

நிறுவனத்தின் தொடக்கம்

விசை கேம்ஸ் கனடாவின் டொரன்டோ நகரில் இயங்குகிறது. பெரிய நிறுவனங்களில் ஒரு விளையாட்டுக்கு நூற்றுக்கணக்கானோர் உழைப்பார்கள். ஒருசிலர் மட்டும் சேர்ந்து, தாங்கள் விரும்பிய கதையைத் தாங்களே உருவாக்கினால் அதை ‘இண்டி கேம்’ என்பார்கள். விசை அந்த வகையைச் சேர்ந்தது. இதை வழிநடத்தும் அபி, சிறு வயதில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்தவர். ஓவியப் பொறுப்பை ஏற்றவர் சாம் எல்கானா.

புலம்பெயர்ந்தோர் பற்றிய கதைகள் பெரும்பாலும் பிள்ளைகளின் பார்வையிலேயே சொல்லப்படுகின்றன. அதே கதையைப் பெற்றோரின் பக்கம் நின்று சொல்ல விரும்பினார் அபி.

விளையாட்டு எப்படிப்பட்டது?

1988-இல் கனடாவில் கதை தொடங்குகிறது. வெண்பா என்ற பெண்ணும் அவர் கணவர் பாவலனும் அங்கே புதிதாகக் குடியேறியவர்கள். அவர்களுக்குக் கவின் என்ற மகன் பிறக்கிறான். வெண்பாவிடம் தன் தாயார் தந்த சமையல் குறிப்பேடு இருக்கிறது. ஆனால் அதன் பக்கங்கள் கிழிந்தும் எழுத்துகள் அழிந்தும் போயிருக்கின்றன. விடுபட்டதை ஊகித்துச் சமைப்பதே ஆட்டம். ஒரு தட்டின் குழிகள் மறு தட்டின் குழிகளுக்கு நேராக வராதபடி இட்லித் தட்டுகளை அடுக்க வேண்டும். புட்டுக் குழலில் எதை முதலில் போடுவது என்று யோசிக்க வேண்டும். பிரியாணியும் உண்டு. வீட்டு வானொலியில் அந்தந்தக் காலத் திரையிசையின் சாயலில் பாடல்கள் ஒலிக்கும்.

மகன் வளர வளர ஆங்கிலம் நெருங்கி, தமிழ் விலகுகிறது. பெரியவனான பின் அவனே சமைக்க முயலும்போது, பாட்டியின் தமிழ்க் குறிப்பைச் சரியாக வாசிக்க முடியாமல் தடுமாறுகிறான்.

இரண்டு மணி நேரத்திற்குள் முடிந்துவிடும் விளையாட்டு இது. ஒருமுறை வாங்கினால் போதும். இடையில் பணம் கட்டச் சொல்வதில்லை, பந்தயமும் இல்லை.

கிடைத்த அங்கீகாரம்

2023 ஜூலை 31 அன்று கணினியிலும், நின்டென்டோ ஸ்விட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் கருவிகளிலும் ‘வெண்பா’ வெளியானது. அவ்வாண்டின் தி கேம் அவார்ட்ஸில் இரு பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டது. 2024-இல் சுயாதீன விளையாட்டுகளுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் தலையாய பரிசையும், பிரிட்டனின் பாஃப்டா அமைப்பின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதையும் வென்றது. இட்லியையே அறியாத நடுவர்களும், பிள்ளையோடு பேசும் மொழியை இழக்கும் தாயின் வலியைப் புரிந்துகொண்டார்கள்.

நமக்கு என்ன?

கவினின் வீட்டில் நடந்தது நம் பகுதிக்கு அந்நியமானதல்ல. கடையநல்லூர், தென்காசி முஸ்லிம் குடும்பங்கள் பல தலைமுறைகளுக்கு முன்பே சிங்கப்பூர் சென்று, தஞ்சோங் பகார் வட்டாரத்தில் வாழ்ந்தன. இன்று வளைகுடாவிலும் மேற்கு நாடுகளிலும் நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். நோன்புக் கஞ்சிக்கு அளவு சொல்லும் உம்மாவின் தமிழ், அங்குள்ள பேரப்பிள்ளைக்கு எவ்வளவு புரியும்?

இத்தகைய படைப்பை உருவாக்க டொரன்டோவில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஜோஹோ நிறுவனம் 2011-இல் தென்காசியில் அலுவலகம் தொடங்கியது. இன்று மத்தளம்பாறையில் இருந்தபடியே உலகம் முழுவதும் பயன்படுத்தும் மென்பொருளை நம் ஊர் இளைஞர்கள் எழுதுகிறார்கள். விளையாட்டு உருவாக்கும் ‘கோடாட்’, படம் வரையும் ‘பிளெண்டர்’ ஆகிய மென்பொருட்கள் இலவசம். சுமாரான கணினி ஒன்று இருந்தால் கற்கத் தொடங்கலாம். நிரல் எழுதுவோரோடு கதை சொல்பவர், ஓவியர், இசையமைப்பவர் என எல்லோருக்கும் இதில் வேலை உண்டு.

ஆனால் இது எளிதான வருமானம் அல்ல. வெளியாகும் இண்டி விளையாட்டுகளில் பல, போட்ட பணத்தைக்கூட எடுப்பதில்லை. எனவே படிப்பையோ வேலையையோ கைவிடாமல், சிறிய முயற்சியாகத் தொடங்குவதே நல்லது.

குற்றாலச் சாரல் காலத்துச் சந்தை, பார்டர் பரோட்டாக் கடையின் இரவு நேரக் கூட்டம், பாட்டிமார் சொல்லும் பழங்கதை என்று நம்மிடமும் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. கேம் மீது ஆர்வமுள்ள பிள்ளை வீட்டில் இருந்தால், எவ்வளவு நேரம் ஆடலாம் என்பதற்கு வரம்பு வையுங்கள். அதோடு, அதை உருவாக்கக் கற்கவும் கொஞ்சம் நேரம் ஒதுக்கிக் கொடுங்கள்.