பற்சக்கர ஆய்வுக் கருவிகள்

கியரின் பற்கள் சரியான பருமனிலும் வடிவிலும், அச்சைச் சுற்றிச் சரியான இடத்திலும் அமைந்துள்ளனவா என்று பார்க்க உதவும் அளவைக் கருவிகளும், அப்போது கியரைப் பிடித்து நிறுத்தும் சாதனங்களும் இப்பெயரில் அடங்கும். பிடித்து நிறுத்துபவற்றைப் பலர் வெறும் துணைப்பொருளாக எண்ணுகிறார்கள். அது தவறு. எதை ஆதாரமாகக் கொண்டு அளப்பது என்ற கேள்விதான் இத்துறையை வளர்த்தது.

18-ஆம் நூற்றாண்டில் லியோன்ஹார்ட் ஆய்லர் பல்லின் பக்கத்துக்கு இன்வல்யூட் வளைவைப் பரிந்துரைத்தார். வட்டத்தில் சுற்றிய நூலை இறுக்கமாகப் பிரித்தால் அதன் நுனி வரையும் கோடு அது. அடிவட்டம் எனப்படும் அந்த வட்டத்தின் மையம் கியரின் அச்சில் இருந்தாக வேண்டும்.

ஆனால் எளிய கைக்கருவிகள் அச்சைக் கண்டுகொள்ளவே இல்லை. பிரவுன் அண்ட் ஷார்ப் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் தயாரித்த கியர் டூத் வெர்னியரில் செங்குத்தாக இணைந்த இரண்டு அளவுகோல்கள் உண்டு. ஒன்று பல்லின் தலையில் அமர்ந்து ஆழத்தை நிர்ணயிக்கும். மற்றது அந்த ஆழத்தில் பருமனைக் காட்டும். கியரின் வெளிவிட்டம் பிசகியிருந்தால் பருமனும் பிசகும். எதிரெதிர்ப் பல்லிடைகளில் பின்களை வைத்து மைக்ரோமீட்டரால் அளந்தால் இந்தத் தொல்லை இல்லை. சில பற்களைச் சேர்த்துக் கவ்வி அளக்கும் முறையிலும் அப்படியே. இதை இத்தாலியர்கள் சுவிட்சர்லாந்தில் பிறந்த பொறியாளர் எர்னஸ்ட் வில்ட்ஹேபரின் பெயராலேயே அழைக்கிறார்கள்.

பல்வரிசை துளையோடு ஒரே மையத்தில் இருக்கிறதா என்பதற்கு இவற்றில் விடை கிடையாது. அதற்குத்தான் மாண்ட்ரல். ஒரு முனை நோக்கி மிக லேசாக ஒடுங்கும் இந்தத் தண்டில் கியரை இறுக்கி, இரு சென்டர்களுக்கு நடுவே நிறுத்தி, ஒவ்வொரு பல்லிடையிலும் டயல் கேஜைத் தொடவைப்பார்கள். மையம் 10 மைக்ரான் விலகியிருந்தால், ஒரு சுற்றில் முள் ஏறத்தாழ 20 மைக்ரான் அலையும். மாண்ட்ரல் வளைந்திருந்தாலும் முள் அலையும் என்பதால், கைதேர்ந்த ஆய்வாளர் முதலில் மாண்ட்ரலைத்தான் சோதிப்பார்.

இந்தியப் பொறியியல் மாணவர்கள் பாடப்புத்தகத்தில் படிக்கும் பார்க்சன் டெஸ்டர் இங்கிலாந்துத் தயாரிப்பு. ஸ்பிரிங் தள்ளும் வண்டியில் சோதிக்கும் கியரும், நிலையான தண்டில் துல்லியமான மாஸ்டர் கியரும் ஒட்டி உருளும். மையத் தொலைவின் ஏற்ற இறக்கத்தை டயல் காட்டும். வேகமான சோதனைதான். ஆனால் பல்லின் இரு பக்கப் பிழைகளும் கலந்தே தெரியும்.

வளைவைத் தனியாகச் சோதிக்க, சூரிச்சின் மாக் போன்ற நிறுவனங்கள் அடிவட்டத் தட்டின்மேல் நேர்ச்சட்டத்தை உருட்டும் கருவிகளைச் செய்தன. எளிய வகைகளில், அடிவட்டம் மாறும்போதெல்லாம் வேறு தட்டு தேவைப்பட்டது. கணினிக் கட்டுப்பாட்டு எந்திரங்கள் வந்தபின் தட்டுக்கு வேலையில்லை: சுழல் மேசையும் உணர்முனையும் சேர்ந்தே வளைவை உருவாக்குகின்றன. கியரை மையம் சற்று விலக வைத்தாலும் மென்பொருள் கணக்கிட்டுத் திருத்துகிறது. மாண்ட்ரலில் ஏற்ற முடியாத பெரிய கியர்களில், இதற்காகவே துல்லியமாகக் கடைந்த ஒரு பட்டை விடப்படுகிறது. உணர்முனை முதலில் அதைத் தொட்டு அச்சைக் கண்டறிந்த பிறகே பற்களுக்குப் போகும்.