குறிகளைத் தொகையிட்ட பொறி

1673ஆம் ஆண்டில் லைப்னிட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், எண்களைக் கூட்டவும் பெருக்கவும் வல்ல பொறியொன்றை இலண்டன் இராயல் கழகத்தாரிடம் காட்டினார். இரண்டு ஆண்டுகள் சென்றபின், 1675இல், தொகையிடலைக் குறிக்கும் நீண்ட வளைகுறியைத் தம் கைப்படியில் முதன்முதலாக எழுதியவரும் அவரே. கணக்கிடும் பொறியும் தொகையைக் குறிக்கும் குறியும் ஒருவர் கையிலேயே உருப்பெற்றன. ஆயினும், பொறி அக்குறியைப் படித்து விடை எழுத ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இத்துணைக் காலம் ஏன்? வகையிடல் நேர்வழி; விதிகளை வரிசையாகக் கையாண்டால் முடிவு வந்தே தீரும். ஆதலால் 1953ஆம் ஆண்டிலேயே காரிமேனியன், நோலன் என்ற இரு மாணவர்கள், அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இரண்டில் தனித்தனியே ஆராய்ந்து, கணிப்பொறியை வகையிடச் செய்தனர். தொகையிடலோ வந்த வழியே திரும்பிச் செல்வது போன்றது. எத்தனையோ கிளைவழிகள், எதில் திரும்புவது என்று கூறும் பலகை இல்லை.

பகுதித் தொகையிடலை எடுத்துக்கொள்வோம். புரூக் டெய்லர் 1715இல் வெளியிட்ட நூலில் காணப்படும் முறை இது. இரு சார்புகளின் பெருக்கலைத் தொகையிட வேண்டுமாயின், ஒன்றை வகையிடவும் மற்றதைத் தொகையிடவும் தேர்ந்து கொள்கிறோம். எக்ஸ் என்பதை ஈயின் எக்ஸ் அடுக்கால் பெருக்கியிருப்பதாகக் கொள்வோம். எக்ஸை வகையிட்டால் வெறும் ஒன்றே மிஞ்சும். கணக்கு இரண்டே வரிகளில் முடிந்துவிடும். மாறாக, அடுக்குச் சார்பை வகையிட்டு எக்ஸைத் தொகையிடப் புகுந்தால் எக்ஸின் வர்க்கம் தோன்றும்; மீண்டும் அவ்வாறே செய்தால் கனம் தோன்றும். விதி ஒன்றே; தேர்வு பிழைத்தால் சிக்கல் பெருகிக்கொண்டே போகும். இந்தத் தேர்வைப் பொறிக்கு எவ்வாறு கற்பிப்பது?

1961ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், மார்வின் மின்ஸ்கியின் மேற்பார்வையில் ஆராய்ந்த ஜேம்ஸ் ஸ்லேகல் என்ற பார்வையற்ற மாணவர் இதற்கு ஒரு வழி கண்டார். அவருடைய நிரலின் பெயர் செயின்ட். முதலாண்டு மாணவன் செய்வதுபோலவே அது பல வழிகளை முயலும். எளிதாகத் தோன்றுவதை முன்னர் எடுத்துக்கொள்ளும். பயன் தராதபோது வேறு வழியை நாடும். பகுதித் தொகையிடலும் அம்முயற்சிகளுள் ஒன்று. கொடுத்த 86 கணக்குகளில் 84ஐ அது செய்து முடித்தது.

1967இல் அதே கழகத்தில் ஜோயெல் மோசஸ் என்பவர் வேறு நிரலொன்றை ஆக்கினார். அதன் பெயர் சின். முன்னதன் பெயர் ஆங்கிலத்தில் புனிதரைக் குறிக்கும். பின்னதன் பெயர் பாவத்தைக் குறிக்கும். நகைச்சுவை ஒருபுறம் இருக்க, பாவமே புனிதரை விஞ்சியது! கணக்கின் வடிவத்தை முதலில் நோக்கி, அதற்குரிய முறையை நேரே பற்றியதால், வீண் முயற்சிகள் குறைந்தன.

இன்னும் ஒரு தடை எஞ்சியிருந்தது. சில சார்புகளுக்கு நாமறிந்த எளிய சார்புகளால் தொகை எழுதவே இயலாது என்பதை, பிரெஞ்சு அறிஞர் லியூவில் 1830களிலேயே நிறுவியிருந்தார். மணி வடிவ வளைகோட்டைத் தரும் சார்பு அத்தகையது. விடை வராதபோது, குறை நம் திறமையிலா, கணக்கின் இயல்பிலா? இதை முடிவு செய்யும் முறையை ராபர்ட் ரிஷ் என்பவர் 1969, 1970 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்டார். அம்முறையை முழுமையாக நிரலாக்குவது மிகக் கடினம். எனவே, பொறி விடை தராததாலேயே விடை இல்லை என்று துணிந்துவிடலாகாது.

1968இல் அக்கழகத்தில் தொடங்கிய மாக்சிமா என்ற பெருநிரலில் இவ்வறிவெல்லாம் ஒருங்கு சேர்ந்தது. அதன் ஒரு வடிவத்தை 1982 முதல் பேணிவந்த வில்லியம் ஷெல்டர், 1998இல் அரசின் இசைவு பெற்று, அதனை யாவரும் விலையின்றிப் பெற வழி செய்தார். 2001இல் அவர் மறைந்தார். அவர் பேணிய நிரல் வாழ்கிறது.

தில்லியிலும் மும்பையிலும் பிறமொழி வழியே பயிலும் நம் பிள்ளைகள், இன்று ஒரு வரி தட்டி விடை பெறுகிறார்கள். "பொறி செய்வதை நாங்கள் ஏன் கற்க வேண்டும்?" என்று அவர்கள் வினவினால், அதனைத் துடுக்கு என்று தள்ளிவிட வேண்டியதில்லை, நேர்மையான வினாவே அது. பொறி தரும் விடையில் தொகையிடல் மாறிலி பெரும்பாலும் இராது; அதைச் சேர்ப்பவன் மாணவனே. வந்த விடையை வகையிட்டுப் பார்த்தால் மெய் பொய் தெரிந்துவிடும். அதற்கும் கற்றிருக்க வேண்டும். மொழிபெயர்ப்புத் தொழிலில் நாமும் இதனை உணர்ந்திருக்கிறோம்: அகராதி சொற்களைத் தரும், இவ்விடத்துக்கு உரிய சொல் எது என்று தெரிந்தவனுக்கே அது துணையாகும்.

ஆகவே, விடை வந்த பின்னர், எந்தப் பகுதியை வகையிட்டாய், ஏன் அதைத் தேர்ந்தாய் என்று பிள்ளையைக் கேட்போம். அந்தக் காரணத்தைத் தமிழில் ஒருமுறை சொல்லச் செய்வோம். சொல்லத் தெரிந்துவிட்டால், கணக்கு அவனுடையதாகிவிட்டது.